கிலோவுக்கு எத்தனை

வெள்ளைத் தட்டில் பக்வீட்டைக் கொட்டி
சாமணத்தால் விலக்குகிறேன்.
மூன்று மூலை, பழுப்பு: தானியம்.
தட்டை, கறுப்பு, ஊசி குத்தியதுபோல் குழிவிழுந்த தோல்: ஊமத்தை.
முரா ஆற்றின் இந்தக் கரையில் அதற்குப் பெயர்
கிரிஸ்தாவெத்ஸ்.
சல்லடை பெரும்பாலும் பிடித்துவிடும்.
மீதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மே மாதம் முளைக்கும். அக்டோபர் உறைபனியில் கறுத்துச் சாயும்.
அவ்வளவு குறுகிய ஆயுளில் அதற்கு அவசரமே கிடையாது.
தண்டு இரண்டாகப் பிரியும், கவட்டில் ஒரு பூ.
கிளை மறுபடி இரண்டாகும், மறுபடி ஒரு பூ.
வழி தெரியாத ஒருத்தி
ஒவ்வொரு சந்தியிலும் நின்று
கைக்குட்டையை உதறுவதுபோல.
இலையைக் கசக்கினால் சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம்;
மாடுகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.
காய் தலை கவிழாது.
முள்ளோடு நிமிர்ந்தே நின்று, நான்காக வெடிக்கும்.
ஒரு காயில் ஐநூறு எண்ணியிருக்கிறேன்,
ஒரு மழைநாளில், யாரும் கேட்காமல்.
மண்ணுக்குள் நாற்பது வருடம் காத்திருக்குமாம்.
எனக்கு முப்பத்தெட்டு.

கேஸா கெரெட்ஸ் எங்களிடம் மூட்டை கொடுப்பதற்கு முன்
வீட்டு எந்திரத்தில் இரண்டு கிலோ அரைத்துக்கொண்டார்.
களி கிண்டி, மேலே உருக்கிய பன்றிக்கொழுப்பு.
ஒரு மணி நேரத்தில் நாக்கு மரப்பட்டையாயிற்று.
அப்புறம் அடுப்போடு விலை பேசினார்.
மனைவி எடித் சிரித்தாள்.
அவளும் இரண்டு வாய் தின்றிருந்தாள்,
அடுப்பு மசியவில்லை என்று அவளுக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில்
விரிப்பிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகக் கிள்ளிக்
கிள்ளிப் போட்டபடி இருந்தாராம், இரவு முழுக்க.
மறுவாரம் மில்லுக்கு வந்தவரிடம் கேட்டேன்,
என்ன பொறுக்கினீர்கள் என்று.
"விதைதான். உன் வேலையை
உனக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன்."
அவருடைய மூட்டையில்
கிலோவுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று.
எழுதிக் கையெழுத்திட்டேன்.
அவர் அந்த எண்ணைத் தலைகீழாகப் படித்தார், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து,
ஒன்றும் சொல்லவில்லை.

என் இழுப்பறையில் ஒரு தகர டப்பா.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போனது.
ஆஸ்துமா சிகரெட், உள்ளே மூன்று பாக்கி.
இதே இலை, உலர்த்திச் சுருட்டியது.
மாவுத்தூசியில் நெஞ்சு அடைத்த ஒருவருக்கு
இந்தப் புகை கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.
அவர் எண்ணிய விதைகளை அவரே
என்ன நினைத்து எரித்தாரோ.

நேற்று மாலை
மில்லின் பின்சுவரில், லாரி திரும்பும் இடத்தில், ஒரு செடி.
பிடுங்குவது விதி.
கையுறை மாட்டிக்கொண்டு போனபோது பொழுது சாய்ந்திருந்தது.
மொட்டு, சுற்றிய குடையாக இருந்தது,
என் கண்முன் மெல்லத் தளர்ந்து
ஐந்து பல்லும் வெளியே வளைந்தது.
அந்துப்பூச்சி ஒன்று வந்தது.
அது கிளம்பும்வரை நின்றேன்.
பிறகு பிடுங்கினேன்.
வேர் சுலபமாக வந்துவிட்டது.

எட்டு மணிக்கு நெஷ்காவின் வலக்கண்ணில்
ஒரு சொட்டு அட்ரோபின்.
இடக்கண் சோம்பேறி, அது பார்க்கக் கற்க வேண்டுமானால்
நல்ல கண்ணை மழுங்கடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.
பகலெல்லாம் நான் தட்டிலிருந்து விலக்குவதுதான்
இந்தக் குப்பியில் அளவாக நிற்கிறது.
அழாமல் அண்ணாந்து கிடக்கிறாள், ஐந்து வயது.
கண்மணி விரிகிறது.
பழுப்பு ஒதுங்கி ஒதுங்கி விளிம்பில் ஒரு நூலாகி,
நடுவெல்லாம் கறுப்பு.

"அம்மா, உனக்கு ஓரமே இல்லை."

கிட்டே போனேன்.
இன்னும் மங்கினேன்.