ஐயாயிரத்து இருநூறு சுற்றில்

ஹச்சினோஹே துறைமுகத்தில்
கணவாய் அறுக்கும் ஆலை. எனக்கு இரவு முறை.
மூன்று வருடச் சம்பளம் ஒரு வெள்ளைக் காராயிற்று:
ஹோண்டா சிஆர்-எக்ஸ், எண்பத்தொன்பதாம் வருடத்தது.
பின்னிருக்கை என்று ஒன்று உண்டு, பேருக்கு.
ஓர் அரிசி மூட்டை உட்காரலாம்,
அதுவும் தலை குனிந்து.

கூரை முழுக்கக் கண்ணாடி.
பனி விழுகையில் அண்ணாந்தால்
யாரோ உப்புத் தூவுவது போலிருக்கும்.
சாலையில் நிஜமாகவே உப்புத்தான் தூவினார்கள்.
பிற்பாடு வண்டியைத் தின்றதும் அதுதான்.

ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தொட்டால்
அதன் குரல் மாறும்:
அதுவரை உதடு பிரியாமல் முனகியவள்
சட்டென வாய்திறந்து பாடினாற்போல.
அந்த ஒரு நொடிக்காக,
தலைவலி மாத்திரை வாங்கப் புறப்பட்டவள்
மிசாவா வரை போய்த் திரும்பியிருக்கிறேன்
(மாத்திரை வாங்காமல்).

அதற்குச் சற்று முன்னால்,
ஐயாயிரத்து இருநூறில்,
கிணிகிணியென்று ஒரு சத்தம்.
சாம்பல் கிண்ணத்தைக் கழற்றினேன்.
கதவுத் தட்டியைப் பிரித்தேன்.
மெக்கானிக் ஓஷிதா காது வைத்துக் கேட்டார்.
"ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் இப்படித்தான்,
முழங்காலில்" என்றார்.
காசு வாங்கவில்லை.

தோக்கியோவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
வீடியோ கேமுக்கு வண்டிகளின் குரல் பிடிக்கிறவர்கள்.
எஞ்சினில் யாரும் கைவைக்காத வண்டி வேண்டுமாம்.
உருளைகள்மேல் ஏற்றிப் பட்டைகளால் கட்டினார்கள்.
புகைக்குழாய் அருகே ஒரு மைக்,
ரோமம் போர்த்தி, செத்த பூனை மாதிரி.
"மிதியுங்கள்" என்றார் கருபே.
நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்
நின்ற இடத்திலேயே ஓடினேன்.
எதிர்ச்சுவரில் காலண்டர்
நகரவேயில்லை.

கிணிகிணி வந்ததும்
ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.
"பரவாயில்லை, ஸ்டூடியோவில் எடுத்துவிடலாம்."
எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட், ஒரு நன்றிக் கடிதம்.

அடுத்த சோதனையில் வண்டி தேறவில்லை.
அடித்தட்டில் ஆய்வாளரின் விரல் நுழைந்தது;
அவரே மன்னிப்புக் கேட்டார்.
உடைக்கும் களத்துப் பையன் ஒரு வாரம் கழித்து
சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டினான்.
"இடப்பக்கத் தூணுக்குள் உருண்டுகொண்டிருந்தது."
கொண்டைக்கடலை அளவு எஃகுக் குண்டு.
மேலே பச்சிங்கோ சூதாட்டக் கூடத்தின் முத்திரை.

இடப்பக்கம் உட்கார்ந்தவன் தட்சுஹிகோ.
அந்தக் கண்ணாடிக் கூரையின் கீழ்தான்
இரண்டு கையையும் விரித்துச் சொன்னான்:
விட்டுவிட்டேன்,
ஆறு மாதமாய் ஒரு குண்டைக்கூடத் தொடவில்லை.
நம்பி மூன்று லட்சம் யென் கொடுத்தேன்.
கையை விரித்தபோது நழுவியிருக்கும்.

ஒன்பது வருடம்
வண்டி என்னிடம் சொல்லிக்கொண்டேயிருந்தது.
நான் அதை மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன்.

பழைய சாமான் கடையில் ஒரு கன்சோல் வாங்கினேன்,
கேமும் சேர்த்து.
பட்டியலில் என் வண்டி, அதே வெள்ளை.
பின்சக்கர வளைவில் ஒரு பொட்டுத் துரு இல்லை.
இடப்பக்கம் ஆளும் இல்லை.
பெயர் தெரியாத ஒரு மலைப்பாதையில்
கட்டைவிரலால் மிதித்தேன்.
நான்காயிரம். ஐயாயிரம்.
கருபே மறந்துவிட்டாரா,
அல்லது அவருக்கும் பிடித்துப்போய் விட்டுவைத்தாரா,
கிணிகிணி.

இந்நேரம் சாவ் பாவ்லோவிலோ லீட்ஸிலோ
யாரோ ஒரு பையன் ஒலியைக் குறைத்து
ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான்.
உன் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி.
அது ஒருவன் சொன்ன பொய்.
அங்கே காலை எடுத்துவிடாதே.
இன்னும் முந்நூறு சுற்றுதான்.
மிதி.