எட்டுப் புள்ளி

நாற்பத்தொரு பெயர்கள்.
வேர்டில் தட்டி, வெட்டி, மின்னஞ்சலில் ஒட்டித்
திங்கட்கிழமை மதியம் கோலாலம்பூருக்கு அனுப்பினேன்.
பகாவில் அப்போது மழை.
ஆபீஸ் தகரக் கூரைமேல்
யாரோ கச்சான் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி.

என் திரையில் அவர்கள்
தோளோடு தோள் இடித்து நின்றார்கள்.
போய் இறங்கிய இடத்தில்
ஆளுக்கு ஆள் நடுவே ஒரு வெள்ளைப் பள்ளம்.
எனக்கு எப்படித் தெரியும்?
அனுப்பியவருக்குத்தான் கடைசியில் தெரியவரும்.

தலைமை அலுவலகத்துப் புவான் ரொஸ்னா அச்செடுத்தாராம்.
முப்பது பேர் ஒரு தாளில்.
மிச்சம் பதினொருவர் இரண்டாவதில்.
இரண்டாவது தாள்
இயந்திரத்தின் தட்டிலேயே கிடந்து
வேறு எந்தத் தோட்டத்து உரக் கணக்கோடோ
ஏறிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தீபாவளி முன்பணம் வந்தது.
முப்பது பேருக்கு.

எஸ் எழுத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள்
கவுண்டர் கம்பிக்கு வெளியே நின்றார்கள்:
சபாபதி, சன்னாசி, டிராக்டர் ஓட்டும் தங்கையா,
குலை வெட்டும் உத்திராபதி,
மகள் ஜொகூரிலிருந்து வருகிறாள் என்று
மூன்று தடவை சொன்ன வைரக்கண்ணு.
எல்லம்மா மட்டும் உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.
அடையாள அட்டையில் அவருக்கு ஒய்.
பதிந்த கிராணிக்கு அன்றைக்குக் காது எப்படி இருந்ததோ.
தமிழில் அடுக்கியிருந்தால்
முதல் தாளில் ஐந்தாவது ஆள்.
“நான் எப்பவும் கடைசிதானே, கிராணியம்மா,” என்றார்.
கோபமாகக்கூட இல்லை.
கோபப்பட்டிருக்கலாம்.

இரவு ஆபீசிலேயே இருந்தேன்.
முதலில் பள்ளங்களை ஒவ்வொன்றாய் அழித்தேன்.
ஒரு தட்டு கூடிப்போய்
சன்னாசியும் சபாபதியும் ஒரே ஆளாகி
ஒரே முன்னூறு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள்.
பிரித்தேன். மறுபடி பள்ளம்.
என்டர் தட்டுகிற ஒவ்வொரு முறையும்
மின்னஞ்சல் அதை ஒரு பத்தி என்று நம்புகிறது.
பத்தி என்றால் மூச்சு விடவேண்டும் என்று
யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.
பத்திக்குப் பின் எட்டுப் புள்ளி.
மெனுவுக்குள் மெனுவுக்குள் ஒரு சின்னப் பெட்டியில்
அந்த எட்டு
வாடகை தராத ஆள்போல் உட்கார்ந்திருந்தது.

வெளியே செம்பனைக்கு மரத்துக்கு மரம் இருபத்தொன்பது அடி.
அதை அளக்கக் கயிறு உண்டு, முளைக்குச்சி உண்டு,
வெயிலில் நிற்க ஆளும் உண்டு.
இந்த எட்டை ஒருவரும் அளக்கவில்லை.
கேட்காமலே வந்தது.
பதினொரு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

எட்டைப் பூஜ்யமாக்கினேன்.
இனி ஷிப்டைப் பிடித்துக்கொண்டுதான் என்டர் என்று
கால்குலேட்டரின் முதுகில் எழுதி ஒட்டினேன்.
எனக்கே ஒன்று அனுப்பி,
பஸ் ஸ்டாண்டு எதிரே மீகோரிங் ஆறுகிற வரைக்கும்
கைப்பேசியில் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தொருவர். ஒரே தாள்.
அடியில் என் கையெழுத்துக்குக்கூட இடம் மிச்சம்.
கடைக்காரர் ஷம்சுல் எட்டிப் பார்த்து
“சாவு லிஸ்டா?” என்றார்.
“இல்லை, சம்பளம்,” என்றேன்.
ஒரு சூடான மைலோ இலவசமாக வந்தது.

திங்கள் காலை பதில்:
கிடைத்தது. எக்செல்லில் மறுபடி அனுப்பவும்.

சிரிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பிறகு கட்டம் கட்டமாய் அவர்களை இறக்கினேன்.
கட்டத்துக்குள் யாரும் யாரையும் தள்ளமுடியாது,
அது ஒரு நிம்மதி.
மேலே ஒரு பொத்தான்: ஏ முதல் இசட் வரை.
அதை ஒட்டியே இன்னொன்று, தலைகீழாய்.
அதை அழுத்தினேன்.

முதல் வரியில் எல்லம்மா.
புவான் ரொஸ்னா காரணம் கேட்கவில்லை.