ஏழில் ஐந்து

நீடாமங்கலம் கேட் மூடியாச்சு.
இனி இஞ்சினைக் கழட்டி, அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் மாட்டி,
அதுக்கா மனசு வந்து கிளம்பி...
முக்கால் மணி நேரத்துக்கு இந்த பஸ் யாருக்கும் சொந்தமில்லை.
டிரைவர் இறங்குறார். சுண்டல்காரன் ஏறுறான்.

என் வலது கண்ணுல முந்தாநாள் ஆபரேஷன்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கறுப்புக் கண்ணாடி.
ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு
மூணு தடவை சொல்லி அனுப்பினா நர்ஸ் பொண்ணு.

ஜன்னலை ஒட்டி ஒரு கோழித்தீவன வேன்.
அதுலேருந்து உன் குரல்.

உடனே பிடிபடலை.
அறுபத்தெட்டு வயசுத் தொண்டை,
அரிசி மில்லுல கல்லு மாட்டின மாதிரி.
ஆனா ‘ழ’னாவைத் தாண்டுறப்போ ஒரு பல்லு இடறும் உனக்கு.
எட்டு வருஷம் அந்தப் பல்லோட குடித்தனம் பண்ணினவ நான்.

“கொரடாச்சேரி ஆபத்சகாயம், புது ஆல்பம் பெரியம்மா.
பார்ல எல்லாம் இதான் ஓடுது.
பொண்டாட்டி ஓடிப்போன பாட்டு, ஏழும்.
ஒண்ணு கேட்டா ஒரு குவார்ட்டர் செலவு.”

ஓடிப்போனேனாம்.
நடந்துதான் போனேன், ஆபத்சகாயம்.
செருப்பு வாரு அறுந்து கையில இருந்துச்சு.
(கூட இருந்தவரைக்கும் ‘நீங்க’. இப்போ ‘நீ’ போதும்.)

பாட்டுல மழை கொட்டுது, ராத்திரி, இடி.
அது சித்திரை, பகல் பன்னெண்டு.
கோரையாத்துல பொடிமணல் சுட்டுச்சு, குறுக்கால நடந்தேன்.
காவேரிங்கிற.
காவேரி எங்கே, நாம எங்கே?
மூணாறு தலைப்புல பிரியுற தண்ணி
எந்தப் பக்கம் போனா என்ன பேருன்னு
உனக்குக் கடைசிவரைக்கும் தெரியலை.

அடுத்ததுல ஒரு மைனர் வர்றான், மோட்டார் சைக்கிள்ல.
வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.
வந்தது நெல் குடோன் வேலை,
சாக்குத் தைக்க, மூட்டைக்குப் பத்துப் பைசா.

அப்புறம் மூக்குத்தி. ஒரு பாட்டு பூரா மின்னுது.
அதை வித்துத்தானே உன் ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாத்தினோம்?
அதுக்கு ஒரு சரணம் கிடையாது.

நாலாவது நல்ல பாட்டு.
யாரைப் பத்தின்னு தெரியலை, நான் இல்லை.
வேன் பையன் ஸ்டியரிங்குல தலை சாச்சுக்கிட்டான்.
இருபத்திரண்டு இருக்குமா?
அதுக்குள்ள யாரு போனாளோ.

ரயில் முன்னால போச்சு, பின்னால வந்துச்சு.
சுண்டல் தீர்ந்துபோச்சு.

அஞ்சாவதுல மேளம் இல்லை. ஆர்மோனியம் மட்டும்.
மழையும் இல்லை. வெயில்னே வெச்சிருக்கே.
போனவ குடைக்காகத் திரும்பி வந்தாளாம்.
சாத்தின கதவுக்கு வெளியே நின்னாளாம்.
உள்ளே ஒருத்தன் பாடிக்கிட்டிருந்தானாம்.
கதவுக்கடியில நிழல் விழுந்துச்சாம்,
ரெண்டு காலு, ஒரு செருப்பு.
நிறுத்தினாப் போயிடுவாளோன்னு
விளக்கு வைக்கிறவரைக்கும் நிறுத்தாமப் பாடினானாம்.

இதை நான் யார்கிட்டேயும் சொன்னதில்லை.
முப்பத்தெட்டு வருஷம்.
தைச்ச ஒரு சாக்குகிட்டகூடச் சொன்னதில்லை.

பாட்டு நின்னா உள்ளே போகலாம்னு நின்னேன்.
அவ்வளவுதான்.
நீ அடுத்ததை எடுத்தே, அடுத்ததை எடுத்தே.
காலு கடுத்துப்போச்சு.

கேட் தூக்கியாச்சு.
ரெண்டு பக்கமும் ஒரே ஹாரன்.
கண்ணாடிக்கடியில துடைச்சேன்.
பக்கத்து சீட்டுக்காரம்மா, “மருந்தா?”ன்னா.
“ஆமா, நாலு மணிக்கு ஒருதரம்.”

வேன் எங்களை முந்தி
மன்னார்குடி ரோட்டுல மறைஞ்சிடுச்சு.
மிச்சம் ரெண்டு பாட்டு அதுல இருக்கு.

அதுல நான் கதவைத் தட்டிட்டேனோ என்னமோ.