இறக்கிய கொடி

லியெபாயா துறைமுகம், நவம்பர்.
வடக்கு அலைதாங்கிக்கு வெளியே
கோதுமை ஏற்ற வந்த கப்பல்
மூன்று மணி நேரம் நின்றது.
மஞ்சளும் நீலமுமாய் ஆறு பட்டைக் கொடி.
"எனக்கு வழிகாட்டி வேண்டும்" என்று அதற்குப் பொருள்.
பனிமூட்டத்தில் யார் கண்ணில் படும்?
ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள்.
வழிகாட்டி மோத்ரிஸ் பட்டியலைப் பார்த்துவிட்டுச்
சொன்னாராம்:
"இன்றைக்குக் கப்பலே இல்லையே."

பட்டியலை அனுப்பியது என் ஸ்கிரிப்ட்.
தலைப்பு இருந்தது, தேதி இருந்தது,
அடியில் என் பெயர்கூட இருந்தது.
நடுவில்தான் ஒன்றுமில்லை.

ஷெல்லில் ஒரு கிறுக்குத்தனம்:
கழித்தல் குறி இட்டால் கொடி ஏறும்,
கூட்டல் குறி இட்டால் இறங்கும்.
விசாரணையில் இதைச் சொன்னபோது
கணக்குப் பிரிவின் சோல்விதா பேனாவைக் கீழே வைத்தாள்.
"எங்கள் பிரிவில் இப்படிச் செய்தால்
ஜெயிலுக்கு அனுப்புவார்கள்."

ஈ என்றொரு கொடி.
சின்ன எழுத்து, பெரிய கோபம்.
ஒரு கட்டளை தவறினால் போதும்,
அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.
தேடினேன், கிடைக்கவில்லை என்று வந்து நின்றால்
அதையும் குற்றம் என்றே எழுதிக்கொள்ளும்.
ஆகஸ்ட்டில், ஊரே கடலில் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை,
தாமதமான கப்பல் உண்டா என்று தேடும்
ஒற்றை வரிக்காக
அதை இறக்கினேன்.
ஒரே ஒரு வரி.
சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நவம்பரில் வட்டு நிரம்பியது.
நகலெடுக்க இடமில்லை என்று ஒரு கட்டளை அலறியிருக்கிறது.
நிறுத்த ஆளில்லை.
அடுத்த வரி வந்தது, அதற்கடுத்தது வந்தது,
விழுந்தவனைத் தாண்டிப் போகும் ஊர்வலம்.
கடைசி வரி பூஜ்யம் சொல்லி முடித்தது.
பூஜ்யம் என்றால் இங்கே வெற்றி.
இதை நான் சோல்விதாவிடம் சொல்லவில்லை.

அதிகாலை நாலரைக்கு எக்ஸ் கொடியை ஏற்றினேன்.
அது ஏறியிருந்தால் ஷெல்
ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்,
சந்தைக்குப் போகிறவன் சாமான்களை முணுமுணுப்பதுபோல.
முணுமுணுத்து முணுமுணுத்து
நாற்பத்தோராம் வரியில் சொன்னது:
கூட்டல் குறி. பக்கத்தில் ஈ.

என் முகத்தில் ஈயாடவில்லை.

துறைமுக அதிகாரி விஸ்மா கத்துவார் என்றிருந்தேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்.
"எந்தெந்தக் கொடி ஏறியிருக்கிறது என்று
அதனிடமே கேட்க முடியாதா?"

முடியும்.
டாலர் குறி, ஒட்டி ஒரு சிறு கோடு.
கேட்டால் ஏறியிருப்பவற்றை
எழுத்தெழுத்தாகக் கோத்துக் கையில் தந்துவிடும்.
பதினோரு வருடம் இதில்தான் என் ரொட்டி.
ஒருநாளும் கேட்டதில்லை.

அடைப்புக்குறிக்குள் போட்டுப் பூட்டலாம் என்று முதலில் நினைத்தேன்.
உள்ளே எந்தக் கொடியை இறக்கினாலும்
வெளியே காற்றுகூட அசையாது.
ஆனால் உள்ளே கண்டுபிடித்ததைக் குறித்துவைத்தாலும்
அந்தக் குறிப்பும் அங்கேயே செத்துப்போகும்.
எனக்கு அந்தக் கப்பலின் பெயர் வேண்டும்.

ஆகவே நீள வழி.
முதலில் கேள். ஈ இருந்ததா, நினைவில் வை.
இறக்கு. தேடு. விடையைப் பிடித்துக்கொள்.
முன்பு இருந்ததென்றால் ஏற்று.
இல்லாதிருந்தால்
நல்லது செய்கிறேன் என்று நீயாக ஏற்றாதே,
அது வேறொருவன் வீடு.

ஏழு வரிகள் ஆயின.
ஒன்று போதும் என்றுதான் அன்றைக்குச் சைக்கிளில் ஏறினேன்.

இப்போது வட்டு நிரம்பினால் பட்டியல் போவதில்லை,
என் போன் அடிக்கிறது.
போன வாரம் இரண்டு முறை, இரண்டும் இரவு மூன்று மணிக்கு.
எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு,
பழைய பதிவுகளை அழித்து இடம்செய்கிறேன்.

மோத்ரிஸ் மட்டும்
பட்டியல் வந்த பிறகும்
ரேடியோவை எடுத்து வெளிக்கடலைக் கேட்கிறார்:
"யாராவது இருக்கிறீர்களா?"
நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.
காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொள்கிறேன்.