ஒன்பது நிமிடம்

சிம் லிம் ஸ்குவேர் நான்காம் மாடியில்
குவெக் கேட்டார்: "செத்துவிட்டதா, இன்னும் சாகலையா?"
"சாகலை. மெதுவாக இருக்கிறது."
"நல்லது. செத்தபின் வருகிறவர்கள்தான் அழுவார்கள்."
எண்பத்தொன்பது வெள்ளி.
எடையே இல்லை. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று
பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

தண்டவாளப் பராமரிப்பில் இராவேலை எனக்கு.
ரயில் ஓடாத மூன்று மணி நேரத்தில்
முடுக்க வேண்டியதை முடுக்கிவிட்டு மேலேறுகிறவன்.
பத்துத் திருகாணி எம்மாத்திரம் என்றுதான்
சபூரா அக்கா வீட்டுக்குப் போன ஞாயிறு
மடிக்கணினி முன் உட்கார்ந்தேன்.

முதலில் நகல்.
முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுகொண்டது.
கோப்பி போட்டேன். முப்பத்தேழு.
மூங்கில் கம்பில் துணி கோத்து வெளியே நீட்டினேன்.
முப்பத்தேழு.
அப்படி எதைத்தான் சேர்த்து வைத்திருக்கிறாள்?
கண்ணயர்ந்து விழித்தபோது நூறு,
துணியெல்லாம் மழையில்.

அணைத்தேன்.
உள்ளே முள் தன் இடம் தேடிப் போய் அமர்ந்தது: டிக்.
அடிமூடியை நெம்பினால் ஆறு வருடத் தூசி,
விசிறியில் சுற்றிய ஒற்றை முடி, மருதாணிச் சிவப்பில்.
பழைய வட்டைக் கழற்றிக் கையில் வைத்தேன்.
சூடு ஆறவில்லை.

திங்கள் காலை ஆறு நாற்பது.
பொத்தானை அழுத்திவிட்டு
வழக்கம்போல் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்,
காலைத் தூக்கினாள் என் மடிக்கு.
"அக்கா என்ன சொன்னாள் தெரியுமா—"
திரை வந்துவிட்டது.
பதினொரு நொடி.
"அட!" என்று திரும்பிக்கொண்டாள்.
கால் பாதி வழியில் இருந்தது.

ஒன்பது நிமிடம் எடுக்கும் முன்பெல்லாம்.
நான் வந்து சேர்வதற்கும்
அவள் காதில் ஒலிவாங்கியை மாட்டுவதற்கும் நடுவே
எங்களுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.
அது கரகரவென்று எதையோ தேடிக்கொண்டிருக்க
என் முழங்கால் எக்ஸ்ரே, வீட்டுக் கடன்,
பிள்ளை வேண்டுமா இனிப் போதுமா என்பதுகூட
அந்தச் சத்தத்தின் மேல்தான் பேசி முடித்தோம்.
முடிக்கவில்லை.

செவ்வாய், பதினொரு நொடி.
புதன், பத்து.
"எவ்வளவு நல்ல காரியம் செய்தீங்க" என்றாள்
திரையைப் பார்த்தபடி.
பழைய வட்டு இழுப்பறையில் கிடக்கிறது,
காலாவதியான கடவுச்சீட்டுகளோடு.
ஆசையில் வைத்திருக்கவில்லை;
எங்கே போடுவதென்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது, சொல்லவில்லை.
ஒரு திருகாணி மிச்சம்.
தண்டவாளத்தில் என்றால் முதல் ரயிலை விட்டிருக்கமாட்டேன்.
இங்கே சாஸரில் போட்டு, மேலே கோப்பையை வைத்துவிட்டேன்.

வியாழன் அவள் கோப்பையை எடுத்தாள்.
விரல் நுனியில் ஒட்டி வந்ததைக் கண்ணருகே பிடித்து
"இது எதோடது?" என்றாள்.

அணைத்தோம். கவிழ்த்தோம்.
ஒவ்வொரு துளையாய்த் தொட்டுப் பார்த்தோம்,
இரண்டு தலையும் முட்ட.
எல்லாவற்றிலும் திருகாணி இருக்கிறது.
"சரியா எண்ணுங்க" என்கிறாள்.
ஆறு நாற்பத்தேழு.
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.