உறவுமுறை

தாண்டிக்குடியில் மிளகு பழுக்கிற மாதம்.
புதுக் குடிலுக்குப் பாதை வெட்டிய இயந்திரத்தைச்
சேசுராஜ் பாதியில் நிறுத்தினான்.
"உள்ள கூடா இருக்குக்கா, சத்தமே வேற."

நான் எஸ்டேட் பேரேடு எழுதுகிறவள்.
ஆள், கூலி, காப்பிப்பழம் இத்தனை கிலோ.
சத்தத்துக்கு என்னிடம் கட்டம் இல்லை.

மண்ணைக் கையால் விலக்கினோம்.
நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல்,
இயந்திரத்தின் பல் பட்டு ஓரத்தில் ஒரு விரிசல்.
கிழக்குக் கல்லில் வட்டமாய் ஒரு துளை.
தலை நுழையாது. கை நுழையும்.

பூவாயி டார்ச் அடித்தாள்.
கறுப்பும் சிவப்புமாய்க் கலயம் ஒன்று, ஒருக்களித்து.
நாலைந்து சூதுபவள மணி.
எலும்புகள் படுத்திருக்கவில்லை.
விறகுபோல் அடுக்கியிருந்தன,
நீளமானவை கீழே,
விரல் நுனிகள் தனியே ஒரு மூலையில்.

அப்படியென்றால்
முதலில் எங்கோ மழைக்கும் பனிக்கும் விட்டுவைத்து
தசையெல்லாம் போனபின்
யாரோ திரும்ப வந்திருக்கிறார்கள்.
உதிர்ந்த மிளகைப் பொறுக்குவதுபோல்
குனிந்து, ஒன்று விடாமல்.
இது தொடை, இது கை,
இது என்
என்று ஒரு சொல் சொல்லியிருப்பார்கள்
அவர்கள் பாஷையில்.
அந்தச் சொல் எலும்பில் ஒட்டவில்லை.

துளையின் விளிம்பைத் தடவினேன்.
சுற்றிலும் உளி கொத்திய சொரசொரப்பு.
அடி ஓரத்தில் மட்டும்
அம்மியின் நடுப்போல வழவழப்பு.
எத்தனை தடவை கை போயிருக்கும்?
சோறு வைக்கவா,
இருக்கிறாயா என்று தொட்டுப் பார்க்கவா?

என் கையும் போனது, முழங்கை வரை.
"எடுக்கா, தேள் கெடக்கும்" என்றாள் பூவாயி.
எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து.

மதியம் யாரும் வேலைக்கு இறங்கவில்லை.
யாரும் சொல்லிக்கொள்ளவுமில்லை.
சேசுராஜ் தொப்பியை மடியில் வைத்திருந்தான்.
பூவாயி வெற்றிலை மடித்தாள், வாயில் போடவில்லை.
வத்தலக்குண்டிலிருந்து முதலாளி போன்:
"மிஷின் எதுக்கு நிக்கிது?"

சாவு விழுந்தால் அரைநாள் கூலி உண்டு இங்கே.
படிவத்தை எடுத்தேன்.
இறந்தவர் பெயர்: கோடு போட்டேன்.
இறந்த தேதி: கோடு.
உங்களுக்கு என்ன முறை?

பேனாவை உதறிப் பார்த்தேன். மை இருந்தது.
மஞ்சு இறங்கி சன்னலை மறைத்துக்கொண்டிருந்தது.
அதற்குள், மங்கலாய், யாரோ
மூடுகல்லின் விரிசல்மேல்
வாழையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்,
நனையாமலிருக்க.