ஓல்ட்டெனில் இரண்டு இரவுகள்

ஜனவரியில் ஓல்ட்டெனுக்கு வானம் கிடையாது.
ஆறே எழுந்து வந்து வீதிகளில் நின்றுகொள்கிறது.
மூடுபனிக்கும் நெபுலாவுக்கும்
இந்த ஊர் மொழியில் ஒரே சொல்: நேபல்.
பதினேழு நாளாக ஒரு நேபல்
இன்னொரு நேபலை மறைத்துக்கொண்டிருந்தது.

பதினெட்டாம் இரவு பனி இறங்கிவிட்டது.
நான்காம் மாடி பால்கனியில்
துணி காயும் கம்பியை மடக்கிச் சாத்திவிட்டு
முக்காலியை நிறுத்தினேன்.
ரயில் நிலையத்து விளக்குகள்
கடைசி வண்டி போன பிறகும்
வானத்தை மஞ்சள் பூசியே வைத்திருக்கும்.
அதற்குத்தான் இந்த வடிகட்டிகள்.
நூலிழை அகலத்தில் மூன்று கதவுகள்.
ஒவ்வொன்றும் ஒரே ஓர் ஆளை உள்ளே விடும்.
ஹைட்ரஜன், நீ வா. மற்றவர்கள் நில்லுங்கள்.
ஆக்சிஜன், இப்போது நீ.
கந்தகம் கடைசியில் வந்தது,
அழைப்பிதழ் கிடைக்காத உறவுக்காரர்போல,
வாசலோடு நின்று, கொஞ்சமே கொஞ்சம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம்.
இரண்டு இரவில் நூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்து பால்கனி ஸ்டுடர்
லைட்டரை இரு கையாலும் பொத்திப் பற்றவைத்தார்.
"இது அதைக் கெடுக்காது" என்றேன்.
"பரவாயில்லை" என்றார். பொத்தியேதான் வைத்திருந்தார்.

கணினியில் அடுக்கினால் மூன்றுமே சாம்பல்.
வட்டமாக மேகம், நடுவில் ஒரு குழி,
பல் பிடுங்கிய இடம்போல.
எனக்கு அப்படித்தான் தோன்றும்;
பகலில் நான் செய்வது செயற்கைப் பல்.
வெள்ளையில் பதினாறு வகை என் மேசையில் உண்டு,
அதில் ஒன்றும் வெள்ளை இல்லை.

ஹைட்ரஜனும் சிவப்பு, கந்தகமும் சிவப்பு.
உள்ளது உள்ளபடி வைத்தால்
இரண்டும் ஒரே சேலைக்குள் ஒளிந்துகொள்ளும்.
பொய் சொன்னால்தான் பிரியும்.
கந்தகத்துக்குச் சிவப்பு,
ஹைட்ரஜனுக்குப் பச்சை,
ஆக்சிஜனுக்கு நீலம் என்றொரு வழக்கம்.
வழக்கப்படி செய்தேன்:
எங்கும் கிளிப்பச்சை,
பாசி பிடித்த கிணறு ஐயாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால்.

பச்சையை இறக்கினேன்.
ஓரங்களில் அரக்கு கசிந்தது.
இன்னும் இறக்கினேன், மாம்பழ மஞ்சள்.
கல்யாணக் கடையில் கணக்கு மீறிப் புடவை விரிப்பவள்போல
இரவு மூன்று மணி வரை விரித்தேன், மடித்தேன்.
நடுக்குழிக்குள் நீலம் மட்டும் ஒட்டாமல் நின்றது.
ஒரு துளி பச்சை சேர்த்தேன்:
மயில்கழுத்து.

பிறகுதான் உறைத்தது.
ஆக்சிஜன் அங்கே எரிவது
கிட்டத்தட்ட அதே நிறத்தில்தான்.
இத்தனை பொய்க்கு நடுவே
ஒன்று கால் தவறி உண்மைக்குள் விழுந்திருக்கிறது.

தங்கை கணவர் குகதாசன் தொலைபேசியில் கேட்டார்:
"இது ஒரிஜினல் கலரா?"
இல்லை என்றேன். ஆம் என்றேன்.
"ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ" என்றார்.

அந்த வாரமே நீடெக்கர் அம்மாள் வந்தார்,
முன்பல் நான்கும் புதிதாக வேண்டும்.
கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம்,
ஏதோ ஒரு ஏரிக்கரை, வாய் நிறையச் சிரிப்பு.
"இப்படியே செய்யுங்கள்."
நிறம் என்ன இருந்தது என்று கேட்டேன்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார்.
"எனக்கெப்படித் தெரியும்?
நான் சிரித்தபோது
மற்றவர்கள்தானே பார்த்தார்கள்."

ஜன்னலோரம் உட்காரவைத்து
பதினாறையும் ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்தேன்.
கடைசியில் கொஞ்சம் மஞ்சள் கூட்டினேன்,
நிறையக் காப்பி குடித்து நிறையப் பேசியவரின் மஞ்சள்.
அவர் கண்ணாடியில் பார்த்தார்.
யாரையோ அடையாளம் காண்கிற முகம்.
சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை.

கோப்புக்கு 'இறுதி' என்று பெயரிட்டேன்.
மறுநாள் 'இறுதி இரண்டு'.
வெள்ளிக்கிழமை 'இறுதி ஐந்து' அச்சாகி வந்தது,
ஸ்டுடருக்கு ஒரு பிரதி.
நெடுநேரம் பார்த்துவிட்டு
"எங்கே இருக்கிறது இது?" என்றார்.
கம்பிக்கு மேலே, தெற்கே கை காட்டினேன்.
இருவரும் எட்டிப் பார்த்தோம்.
எதிர்வீடே தெரியவில்லை.
"நேபல்" என்றார் அவர்.
"அதுதான்" என்றேன்.